முத்துராசு விடாத கட்டை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சிவகாசியில் அச்சாபீஸ் வேலை, வெடிப் பெட்டிக்கு லேபிள் அடித்துப் பிழைப்பு, இதற்கெல்லாம் ஏது நேரம். நீங்கள் நம்பாவிட்டாலும் பாதகமில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து நாலு வாக்கில் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் அதில் மாட்டிய கீபோர்டுமாக மிடி பாட்டு செய்துகொண்டிருந்தேன். மிடியில் குரல் பதியாது. எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தினோம், எப்போது விட்டோம் என்ற விவரம் மட்டும்தான் பதியும். வாசிப்பது என் சேக்காளி முத்துராசு, நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வேலை. வெடிமருந்தில் வெந்து சுருங்கிய சுண்டுவிரல் அவனுக்கு, அது தொடுகிற சுரம் மட்டும் எப்போதும் மெலிசாக விழும். இன்னொரு பழக்கம், கடைசிக் கட்டையை நான் "போதும்லே" என்று சொல்கிறவரை விடவே மாட்டான்.

அவன் பெண்டாட்டி செல்விக்கு அப்போது ஏழு மாசம். பிறக்கப் போகிற பிள்ளைக்கு ஒரு தாலாட்டு போட்டோம், கடைசி நாலு வரி பாக்கி. வெள்ளிக்கிழமை வந்து நின்றான்.

"மாப்ளே, இன்னிக்கே முடிச்சிருவோம்லே."

தீபாவளி சீசன், ஆர்டர் கழுத்தைப் பிடித்தது. "ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு வாலே" என்று விரட்டிவிட்டேன். அன்றே உட்காரவைத்திருக்கலாம், பாவி நான். சனிக்கிழமை காலையில் அவன் வேலை பார்த்த ரூம் வெடித்துவிட்டது. ஞாயிறு மூன்று மணிக்கு நான் பிணவறை வாசலில் நின்றிருந்தேன், பூட்டிய என் வீட்டுச் சாவி சட்டைப்பையில் இருந்தது.

அதன்பின் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம், ஒரு மத்தியானம், செல்வி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, அவுக போட்ட பாட்ட இவ கேக்கணும்."

"கடைசி நாலு வரி இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டேதான் போட்டேன்.

நம்பினால் நம்புங்கள், பாட்டு நிற்கவில்லை. அந்த நாலு வரியும் வந்தது, சுண்டுவிரல் விழுகிற இடமெல்லாம் மெலிசாக. ஃபைலில் பதிவான நேரத்தைப் பார்த்தேன். அந்த ஞாயிறு, மூன்று மணி. கடைசிச் சுரம் மட்டும் ஓயவேயில்லை. கட்டையை அழுத்திய விவரம் இருக்கிறது, விட்ட விவரம் இல்லை. அந்தச் சத்தத்திலேயே பிள்ளை தூங்கிப்போனது.

செல்வி கண்ணைத் துடைத்தாள். "போதும்னு சொல்லிருங்கண்ணே. அவுகளுக்குக் கை வலிக்கும்."

கரண்ட் போய்த்தான் அது நின்றது.

நாலு கம்ப்யூட்டர் மாற்றிவிட்டேன். எதில் போட்டாலும் அந்தக் கட்டை இன்னும் அமுங்கியபடியேதான் இருக்கிறது. கை வலிக்குமே என்றும் இருக்கிறது, சொன்னால் போய்விடுவானே என்றும் இருக்கிறது. இன்றுவரை நான் சொல்லவில்லை.