நான் தைத்த படகுப் பாய்

என் தையலில் குறை சொன்னவர்கள் சிராங்கூன் ரோட்டில் யாரும் கிடையாது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அறுபதுகளில் தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் குடியிருந்தோம். ஜன்னலோரம் காலால் மிதிக்கும் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு நான் தைத்த ரவிக்கைகள் எத்தனையோ கல்யாணங்களைப் பார்த்தவை. தைப்பூசத்தன்று டேங்க் ரோட்டுக் கூட்டத்தில் நின்றால், பெண்களின் முதுகைப் பார்த்தே இது என் கை, இது வேறு ஆள் கை என்று சொல்லிவிடுவேன். ஆனாலும் நான் தைத்ததிலேயே பெரியதைப் போட்டுக்கொண்டது ஒரு படகு.

என் கணவருக்குச் செம்பவாங்கில் வெள்ளைக்காரர்களின் கடற்படைத் தளத்தில் வேலை. கயிறு, கம்பி, கப்பி இவற்றைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு. ஓய்வு நேரத்தில் ஆபிசர்களின் சொந்தப் பாய்மரப் படகுகளையும் சுரண்டி, பெயிண்ட் அடித்து, கயிறு மாற்றிக் கொடுப்பார். எந்தப் படகில் எந்தப் பலகை வலுவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட மனுஷர் ஒரு நாள்கூடப் பாய் விரித்த படகில் போனதில்லை. யாரும் வா என்று கூப்பிடவில்லை. இவருக்கும் வாய் திறந்து கேட்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து, அந்தப் படகு எப்படிச் சாய்ந்து போனது, இந்தப் படகு எப்படித் திரும்பியது என்று கையால் காற்றில் வரைந்து காட்டுவார். எனக்குக் கோபமாக வரும். அவர்மேல் அல்ல.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தபோது ஊருக்குத் திரும்பும் ஆபிசர் ஒருவர் தன் பழைய படகைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடத் தயாரானார். ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் கட்டிய படகு. தேக்குப் பலகை, உள்ளே இரண்டு பேர் படுக்க இடம், அடுப்பு வைக்க ஒரு மூலை, சின்ன டீசல் என்ஜின். முன்னால் கட்டும் சிறிய பாய் நன்றாக இருந்தது. பெரிய பாய்தான் இற்றுப்போய், விரலை வைத்தால் ஓட்டை விழுந்தது. புதிதாக வேண்டுமென்றால் ஹாங்காங்கில் சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். அது எங்களால் ஆகிற காரியமில்லை.

இவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் படகில் பாதிக் கூட்டு சேரத் தயாராக இருந்தார். கத்தோலிக்கர், அப்பர் சிராங்கூனில் சர்ச்சுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எங்கள் மாடிக்கு வந்து உட்கார்ந்தார்.

"படகு நல்ல படகு அண்ணி. பாய்தான் இல்ல. பாய் இல்லாட்டி அது வெறும் தொட்டி லா," என்றார்.

என் கணவர் காப்பிக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பாய்னா என்னங்க, துணிதானே? நான் தைக்கிறேன்," என்றேன்.

"நெசமாவா சொல்றே?" என்றார் என் கணவர்.

"நான் என்னைக்கு வெளையாட்டுக்குத் தைச்சிருக்கேன்?"

அந்த ஒரு வார்த்தையை நம்பி இரண்டு குடும்பமும் படகை வாங்கிவிட்டது. வாங்கிய பிறகுதான் ஒரு பாய்க்கு எத்தனை கஜம் துணி வேண்டும் என்றே விசாரித்தேன்.

செம்பவாங்கில் ஒரு மலாய்க் கம்பத்தின், அதாவது கிராமத்தின், கரையோரம் படகைக் கொண்டுவந்து கட்டினார்கள். கடல் வற்றும்போது அது சேற்றில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். அப்போது அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டி, புழு அரித்த பலகையை மாற்றி, இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் பூசினார்கள். தண்ணீர் ஏறுவதற்குள் ஒரு பக்கத்தை முடித்தாக வேண்டும். நான் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவேன். என் கணவரின் நகக்கண்ணில் ஏறிய சிவப்புப் பெயிண்ட் எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. மற்ற சாமான்களெல்லாம் சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தையில் கிடைத்தன. பித்தளை விளக்கு, நங்கூரச் சங்கிலி, எந்தக் கப்பலிலிருந்து கழற்றினார்களோ தெரியாத திசைகாட்டி. பேரம் பேசியது நான். இவரை விட்டால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருவார்.

பாய்க்கு அரபு ஸ்ட்ரீட்டில் கெட்டியான கித்தான் துணி வாங்கினோம். எங்கள் அறையில் அதைப் பாதிகூட விரிக்க முடியாது. ஆகவே ஒரு காலை வேளையில் ஃபேரர் பார்க் திடலில் பழைய பாயைக் கொண்டுபோய் விரித்தேன். அதை மாதிரியாக வைத்துப் புதுத் துணியை வெட்டுவதாகத் திட்டம். கூட்டம் கூடிவிட்டது. பந்து விளையாட வந்த பையன்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். "கல்யாணப் பந்தலா அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, கப்பலுக்குக் கல்யாணம்," என்றேன்.

பழைய பாயைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டுகிற முன் ஓரம் நேராக இல்லை. நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் நாலு விரற்கடை வெளியே பிதுங்கியிருந்தது. பழைய பாவாடையின் ஓரம் இழுபட்டுத் தொங்குமே, அதே கதை என்று நினைத்துக்கொண்டேன். துண்டுகளை இணைத்த தையல்கள் அதைவிட மோசம். நடுவில் ஒல்லியாக ஆரம்பித்த தையல், முன் ஓரத்துக்கு வரவர ஒரு துண்டின்மேல் மறு துண்டு ஏறி அகலமாகியிருந்தது. "குடிச்சிட்டுத் தைச்சிருக்கான்," என்று நண்பரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

நான் எல்லாவற்றையும் சரிசெய்தேன். முன் ஓரத்தைச் சாக்கட்டியும் நூலும் வைத்து நேராக்கினேன். தையல்களை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அகலத்தில் ஓட்டினேன். ஊசிகள் ஒடிந்தன, மெஷின் முனகியது, ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்தபோது உள்ளங்கை கன்றிப்போனது. முடிந்ததும் பார்த்தால், என் ஆயுசில் அவ்வளவு சுத்தமான தையலைப் போட்டதில்லை.

கரையில் அதை ஏற்றியபோது கம்பத்துப் பெண்களெல்லாம் "சந்தேக், சந்தேக்" என்றார்கள். மலாயில் அழகு என்று அர்த்தம். அழகாகத்தான் இருந்தது. இஸ்திரி போட்ட வேட்டியைக் கொடியில் கட்டியது போல விறைப்பாக நின்றது. ஆனால் படகு போகவில்லை. காற்று வந்து பாயில் தங்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. மரத்திலிருந்து கீழ் மூலை வரை சுருக்கங்கள் விழுந்தன. படகு முன்னால் போகாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, கடைசியில் மீன்பொறிக் கம்புகளில் போய் முட்டப் பார்த்தது. என்ஜினைப் போட்டுத் திரும்பினார்கள். கரையில் நின்ற நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

"பாய் அழகா இருக்கு அண்ணி. படகுதான் வரமாட்டேங்குது," என்றார் நண்பர். ஆறுதலாகச் சொன்னதுதான். எனக்கு அவரைச் சேற்றில் தள்ளிவிடலாம் போல இருந்தது.

இன்னொரு பாய்க்குத் துணி வாங்க யாரிடமும் வசதியில்லை. ஆட்களை ஏற்றி இறக்கும் படகுகள் வைத்திருந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே, படகை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அவருக்குப் பாய் வேண்டாம். மரத்தை அறுத்துப் போட்டுவிட்டு, மேலே கூரை வைத்து, பெஞ்சு அடித்து, என்ஜினில் ஓட்டிக்கொள்வாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"குடுத்திரலாம்," என்றார் என் கணவர் வீட்டுக்கு வந்ததும்.

"என் தையல்ல தப்பில்ல," என்றேன்.

"நான் தப்புன்னு சொன்னேனா?"

அவர் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். படகுகளைப் பற்றிக் காற்றில் வரைந்து காட்டும் அந்தக் கை, துண்டில் துடைத்துக்கொண்டு மடியில் சும்மா கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்கக் கூடாதென்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஒரு டீச்சரின் ரவிக்கைத் துணியை மேசையில் விரித்தேன். அளவு எடுத்து, கழுத்து வரைந்து, டாட் போட வேண்டிய இடத்தில் சாக்கட்டியை வைத்தேன். தட்டையான துணியில் அங்கங்கே மடிப்புப் பிடித்துத் தைத்து, உடம்பின் வளைவுக்கு இடம் கொடுப்பதுதான் டாட். மடிப்பு ஒரு முனையில் ஒல்லி, மறு முனையில் அகலம். ரவிக்கை தைக்கிற எவளும் தூக்கத்தில்கூட அதை மறக்கமாட்டாள்.

சாக்கட்டி கையிலேயே நின்றது. ஒரு முனையில் ஒல்லி, மறு முனையில் அகலம். அந்தப் பழைய பாயைத் தைத்தவன் குடித்திருக்கவில்லை. டாட் பிடித்திருக்கிறான். பாய்க்கு வயிறு வேண்டும். காற்று வந்து உட்கார இடம் வேண்டும். முன் ஓரம் பிதுங்கியிருந்ததும் அதற்குத்தான். நேரான மரத்தில் கட்டும்போது அந்த அதிகத் துணி பின்னால் போய் வயிறாகிறது. நானோ படகுக்கு டாட் இல்லாத ரவிக்கை தைத்துப் போட்டுவிட்டு, அது மூச்சுவிடவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டு அப்பர் சிராங்கூனுக்கு பஸ் ஏறினேன். பழைய பாயை நண்பர் தன் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டிருந்தார். அவர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி வாசலில் நின்று நான் கூண்டின்மேல் ஏறுவதைப் பார்த்துத் திகைத்துப் போனாள்.

"என்னக்கா, கோழி வேணுமா?"

"கூரை வேணும். புடி அந்தப் பக்கம்."

கோழிகள் சர்ச் மதில் வரைக்கும் ஓடின. எச்சத்தையெல்லாம் கழுவிவிட்டு, ஒவ்வொரு தையலும் எங்கே விரிய ஆரம்பிக்கிறது, எவ்வளவு விரிகிறது என்று அங்குல நாடாவில் அளந்துகொண்டேன்.

தையல்களைப் பிரித்து ஏற்றித் தைத்துவிடலாம். முன் ஓரத்துப் பிதுக்கத்துக்குத்தான் துணி வேண்டும், நான்தான் நேராக வெட்டித் தொலைத்துவிட்டேனே என்று பஸ்ஸில் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பாயின் ஓர மடிப்பைப் பிரித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். உள்ளே தாராளமாகத் துணி இருந்தது. ரவிக்கைக்கு எப்போதும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்போம். கல்யாணத்துக்குப் பிறகு பெண்கள் பூரித்தால் பிரித்துவிட வேண்டுமே. அதே பழக்கத்தில், நினைக்காமலே, படகுக்கும் விட்டிருந்தது என் கை.

சனிக்கிழமை மாலைக்குள் தைத்து முடித்தேன். என் கணவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கனமான துணி மெஷினிலிருந்து நழுவாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தவுக்கே தொப்பியும் குடையுமாக வந்துவிட்டார். என்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்று படகில் ஏறி உட்கார்ந்தார். நானும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. கரையைவிட்டுக் கொஞ்சம் போனதும் நண்பர் கயிற்றை இழுத்தார். பாய் மேலே ஏறி, படபடவென்று அடித்துக்கொண்டது. என் கணவர் சுக்கானைத் திருப்பினார்.

சட்டென்று படபடப்பு நின்றது. பாய் காற்றை வாங்கி, மெதுவாகப் புடைத்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் உருண்டு நின்றது. படகு சாய்ந்தது. தண்ணீர் பக்கத்தில் சலசலத்தது. ஜொகூர்க் கரையை நோக்கி, காற்று வந்த திசையை ஒட்டியே, அது நேராக ஏறிப் போயிற்று. என் கணவரின் முகத்தை நான் அப்படி அதற்கு முன்னால் பார்த்ததில்லை, எங்கள் கல்யாணத்தன்றுகூட.

தவுக்கே ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் பலகையையும் பிடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ஜினைப் போடுங்கள், கேட்கலாம்," என்றார் மலாயில்.

"இனிமே அதுக்கு வேலை இல்ல தவுக்கே," என்று நண்பர் மலாயிலேயே பதில் சொன்னார். "படகு விக்கிறதுக்கில்ல."

தவுக்கே கோபப்படவில்லை. நிமிர்ந்து பாயைப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரை தையல் தையலாகப் பார்த்தார். பிறகு என் கணவரிடம், "சியாப்பா ஜாஹிட்?" என்று கேட்டார். யார் தைத்தது என்று.

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சாயா," என்றேன். நான்தான் என்று.

தவுக்கே காதில் விழுந்துவிட்டது. தலையைக்கூட ஆட்டினார். இருந்தாலும் ஜொகூர் வரைக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.