மைக் வேண்டாம் என்ற நத்தார்க் கச்சேரி

1. ஹோன் கட்டாத வேலை

பாலாவிச் சந்தியில் கதிரை, லைட், சவுண்ட் வாடகைக்குக் கொடுக்கிறவன் நான். கல்யாணமோ, கந்தூரியோ, சேர்ச் திருநாளோ, எங்கள் தொழிலில் முதல் வேலை தென்னை மரத்தில் ஹோன் ஸ்பீக்கர் கட்டுவதுதான். சத்தம் கேட்டால்தான் ஊர் வரும். அப்படிப் பழகிய என்னை முந்தல் பக்கத்து சேர்ச் ஒன்றில் டிசம்பரில் நத்தார்க் கச்சேரிக்குக் கூப்பிட்டு, மைக்கே வேண்டாம் என்றார்கள்.

கூப்பிட்டவர் சேர்ச் கமிட்டிச் செயலாளர் சிரில் அண்ணன், இறால் பண்ணைக்காரர். அவருக்கே அது பிடிக்கவில்லை. நான் முஸ்லிம் என்பதால் என்னை நானா என்பார்.

"மைக் இல்லாட்டி ஆர் வருவான் நானா? நீயே அந்த மிஸ்ஸுக்குச் சொல்லு."

மிஸ் என்றது கொழும்பிலிருந்து வந்த பாட்டுக் குழுவின் தலைவியை. ஐரோப்பாவின் பழைய வேதப் பாட்டுகளை அந்தக் காலத்துக் கருவிகளோடேயே பாடுகிறவர்கள். வயலினுக்குக் கம்பி இல்லை, ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்பு.

"இந்தப் பாட்டு எழுதின காலத்தில மைக் இருந்ததா நானா?" என்று மிஸ் கேட்டார்.

"கரண்டும் இருக்கேல்ல மிஸ். லைட்டும் வேண்டாமெண்டால் சொல்லுங்க, நான் வீட்ட போறன்."

சிரித்துவிட்டார். கதிரையும் லைட்டும் என் பொறுப்பு. ஜெனரேட்டர் சத்தம் கேட்காதபடி அதைத் தென்னந்தோட்டத்தின் அடுத்த கோடியில் வைத்து வயர் இழுத்தேன்.

2. ஒத்திகை

மணவறைக்கு வைப்பது போலப் போகஸ் லைட்டுகளைக் கிட்டத்தில் நிறுத்திவிட்டேன். பொம்பிளையின் நகை மின்னுவதற்கு அப்படித்தான் வைப்போம். இங்கே சூடு பட்டுக் குடல் நரம்பு சுதி மாறிப் போனது. வயலின்காரர்கள் முறுக்குவதும் என்னை முறைப்பதுமாக இருந்தார்கள். லைட்டைத் தள்ளி வைத்தேன். அது என் பிழை.

அந்த நேரம் பக்கத்துப் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு சொன்னார்கள். மிஸ் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். பாங்கு முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"நானா, நாளைக்கு இந்த நேரம்தான் மெல்லிய பாட்டு ஒண்டு வருது. ஒரு நாளைக்கு மட்டும் ஸ்பீக்கரை நிப்பாட்டச் சொல்ல ஏலுமா? உங்கட ஆக்கள்தானே."

மரியாதையாகத்தான் கேட்டார்.

"கேக்க மாட்டன் மிஸ். பாங்கு நேரம் நீங்க நிப்பாட்டுங்க. எப்படியும் நரம்பு முறுக்க வேணும்தானே. நானும் அந்த நேரம் தொழப் போவன். இப்பவே சொல்லிப்போட்டன்."

மிஸ் குழுவிடம் திரும்பிப் போனார். சிரில் அண்ணன் என்னை மாமரத்தடிக்கு இழுத்துப் போனார்.

"சேர்ச் வேலை முழுக்க உனக்குத்தானே தாறம். இதுக்கும் ஏலாதெண்டால் திருநாளுக்கு வேற ஆளைப் பாக்க வேண்டி வரும்."

சேர்ச் திருநாள் வேலைதான் என் வீட்டு அடுப்பில் பாதி. அவருக்கு அது தெரியும். நான் மன்னாரிலிருந்து வந்தவன். தொண்ணூறில், சண்டைக் காலத்தில், முஸ்லிம்களான எங்களை ஊரைவிட்டே வெளியேற்றிய பிறகு எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அப்படி வந்தவன், ஒரு பாங்கை நிறுத்து என்று தன் வாயால் போய்க் கேட்பதா?

"பாருங்க அண்ணன், வேற ஆளை" என்றேன்.

3. கச்சேரி

ஹோன் கட்டாமலே சேர்ச் நிரம்பியது. என்ன சத்தம் என்று கேட்க வராமல், என்ன சத்தத்தையே காணவில்லை என்று பார்க்க வந்திருப்பார்கள். பாங்கு தொடங்க நான் எழும்பினேன். வாசலில் சிரில் அண்ணன்.

"இப்ப போனா திரும்பி வராதை."

போனேன். தொழும்போதும் திருநாள் வேலைதான் நினைவில் வந்தது. ரிஸ்க்கை, உண்ணும் சோற்றை, தருகிறவன் அல்லாஹ், சிரில் அண்ணன் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வரும்போது, பாட்டு நடந்துகொண்டிருக்கும், என் லைட்டுகள் மூலையில் குவிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். லைட்டுகள் அப்படியே எரிந்தன, பாட்டுச் சத்தம் இல்லை. வயலின் முறுக்கும் கிறீச்சுத்தான் கேட்டது.

மிஸ் என்னைக் கண்டார். "உங்களுக்காக நிக்கேல்ல நானா. கடல் காத்துக்குச் சுதி போயிட்டுது. பாங்கு முடியட்டும் எண்டு இருந்து, பிறகுதான் முறுக்கத் தொடங்கினம்."

பாங்குக்கு நின்றதே எனக்குப் போதும். பிறகு அந்த மெல்லிய பாட்டைப் பாடினார்கள். பாஷை விளங்கவில்லை. இறைவனைப் பாடுகிறார்கள் என்பது விளங்கியது. மைக் இல்லாமல் கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டது.

அடுத்த நத்தாருக்கு முன்னம் சிரில் அண்ணன் எனக்குப் போன் எடுத்தார். சலாம் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை.

"மஃரிப் எத்தினை மணிக்கு நானா? கச்சேரிக்கு நேரம் போட வேணும்."

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். லைட்டைத் தள்ளி வைக்கச் சொன்னால் தள்ளி வையுங்கள். மைக் வேண்டாமென்றால் கழற்றுங்கள். கேட்கிற எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்லுங்கள். ஆனால் அவர்கள் கேட்பது உங்கள் கடைச் சாமானா என்று முதலில் பாருங்கள். பாங்கு என் கடைச் சாமான் அல்ல.