தூணுக்கு மஞ்சள் பூசிய வெள்ளிக்கிழமை

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ரங்கூனில், பசுந்தாங் ஓடைக்கரையில், ஒரு பர்மாக்காரியின் மரவீட்டுக்கு அடியில் குடியிருந்தோம். மாடியில் இல்லை, அடியில். கால்கள் ஊன்றி உயர்த்திக் கட்டிய வீடு அது. அவர்கள் நடக்கிற பலகைதான் எங்களுக்குக் கூரை. மேலே யாராவது தண்ணீரைச் சிந்தினால் எங்கள் சோற்றில் விழும். ஓடை ஏறுகிற நாளில் தண்ணீர் கேட்காமலே உள்ளே வரும். முதல் பிள்ளையை அந்த ஈரத்தில்தான் காய்ச்சலுக்கு வாரிக் கொடுத்தேன். இரண்டாவது ஏழு மாதமாக வயிற்றில் இருந்தது. இதையாவது காய்ந்த தரையில் பெற வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் சாக்கடை வெட்டுகிற கும்பலில் இருந்தார். நான் மண் சுமந்தேன். மேஸ்திரி எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், எனக்கு மாமா முறை. கூலிக்காரர்களுக்கென்று செங்கல்லில் வரிசையாகக் கட்டிய லைன் ஒன்று இருந்தது. சிமெண்டுத் தரை. "அதுல ஒரு ரூம் காலியாகப்போவுது, உனக்குத்தான் புள்ள" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கோடையில் ஆள் மட்டத்துக்குக் கீழே வெட்டியபோது கடப்பாரை மரத்தில் இடித்தது. கறுப்புச் சேற்றுக்குள் தேக்குத் தூண்கள், வரிசை பிசகாமல். முதலில் நாலு, தோண்டத் தோண்ட ஒன்பது. நடுவே தளம் போட்ட பலகைகூடக் கொஞ்சம் கிடந்தது. யாரோ எந்தக் காலத்திலோ குடியிருந்த வீடு. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு துரை வந்தார். பழைய கட்டடங்களை ஆராய்கிறவராம். வந்ததும் வராததுமாகச் சேற்றில் மண்டி போட்டார். வெள்ளைக்காரன் சேற்றில் மண்டி போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஈரத்திலேயே கிடந்ததால்தான் மரம் இத்தனை காலம் தப்பியதாம், இனிக் காற்றில் காய்ந்தால் வெடித்துப்போகுமாம். அதனால் சாக்கு போர்த்தி நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்றார். மண் தூக்க முடியாத வயிறு என்று மேஸ்திரி என்னை நிறுத்தினார்.

"துரை மனசு குளிரணும். அவர் ஒரு வார்த்தை சொன்னா ரூம் கையில வந்தமாதிரி."

மண்ணெண்ணெய் டின்னில் ஓடைத் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினேன். ஒரு தூண் மட்டும் மற்றதைவிடப் பருமன். அதில் கறுப்பாக அரக்குப் பூச்சு, அதன்மேல் சிவப்பில் ஏதோ கோடுகள், சேற்றோடு சேறாக. துரை அதைத்தான் சுற்றிச் சுற்றி வருவார். அதை வரைந்து எடுக்க ஒருவரைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு கட்ட முதல் கால் நடும்போது மஞ்சள் பூசிப் பொட்டு வைக்காமல் விடுவார்களா? எத்தனையோ காலம் மண்ணுக்குள் கிடந்த வீட்டுக்கால் என் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. அதை அழுக்காக விட்டுவிட்டு எந்த முகத்தோடு சாமியிடம் வீடு கேட்பது? சாக்கை விலக்கி, தேங்காய் நாரும் சாம்பலுமாகக் குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தேன். சேறு போயிற்று. அரக்கு போயிற்று. சிவப்பும் போயிற்று. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! மஞ்சள் பூசி மூன்று பொட்டு வைத்தேன். மேஸ்திரிதான் தேங்காய் உடைத்தார். சூடம் கொளுத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டு, என் கையால் குங்குமம் வாங்கி வைத்துக்கொண்டு, "நல்ல காரியம் பண்ணினே புள்ள" என்றார். அந்த வாயால்தான் சொன்னார்.

அன்று சாயங்காலமே துரை வரைகிறவரோடு வந்துவிட்டார். தூணைப் பார்த்தார். விரலால் மஞ்சளைத் தொட்டார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அந்தக் கோடுகள் எழுத்தாம். வீடு யாருடையது, யார் கட்டியது என்று அதில் இருந்திருக்கலாமாம். யார் செய்தது என்று இந்துஸ்தானியில் கேட்டார். மேஸ்திரியின் கை என் பக்கம் நீண்டது. தான் இல்லாத நேரம் பார்த்து நான் செய்துவிட்டேனாம், சொன்னால் கேட்காத ஜென்மமாம். நெற்றியில் நான் கொடுத்த குங்குமம் அப்படியே இருந்தது.

என் வீட்டுக்காரர் பத்தடி தள்ளி நின்றார். வாயில் அந்தத் தேங்காய்ச் சில்லு. மென்றுகொண்டிருந்தார். நான்தான் பேசினேன். "நீங்கதானே மாமா தேங்கா ஒடைச்சீங்க! மனுசன்தானா நீங்க?" என்று கத்தினேன். தமிழில் கத்தினால் துரைக்கு எங்கே புரியும்?

லைனில் காலியான அறை மேஸ்திரியின் மச்சானுக்குப் போனது. "துரை கோவமா இருக்காரு, உனக்கு நான் எப்படிக் கேக்கறது?" என்றார் மேஸ்திரி. பொய். துரை எங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை, அவருக்கு அவர் மரம்தான் பெரிசு. அதில் எனக்கு அவர்மேல் ஆத்திரம் இல்லை என்றால் அதுவும் பொய்தான்.

மழை பிடித்தது. மண் கரையக்கூடாது என்று தூண்களுக்கு மேலே ஓலைக் கூரை போட்டார்கள். ஓடைத் தண்ணீர் ஏறாமல் சுற்றிலும் உயரமாக வரப்பு. கூரை போட்டதால் மரம் காயுமாம், அதனால் மறுபடியும் தண்ணீர் ஊற்ற ஆளாம். கூத்தைப் பார்த்தீர்களா!

மகன் பிறந்த அன்று எங்கள் இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தோம். என்னை மேலே கூட்டிப்போக அந்தப் பர்மாக்காரியின் புருஷன் சம்மதிக்கவில்லை. பாவம், அவளே தண்ணீரில் நின்றுகொண்டு பிள்ளையை எடுத்தாள். ஒன்பது நாள் இருந்தான். கடைசி இரண்டு நாள் பால்கூடக் குடிக்காமல் மூச்சை இழுத்து இழுத்து விட்டான்.

அவன் போன மூன்றாம் நாள் மேஸ்திரி வந்து நின்றார். துக்கம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்ற வைத்த ஆள் ஓடிவிட்டானாம். "சும்மாதானே இருக்கே, வாம்மா" என்றார். சும்மாதானே! முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். வீட்டில் அரிசி இல்லை. போனேன்.

கூரைக்குக் கீழே நான் நின்ற வரப்பு ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. பாய் விரித்துப் படுக்கலாம். பால் கட்டி மார் கல்லாகக் கனத்தது, ரவிக்கையெல்லாம் நனைந்து வழிந்தது. டின்னைத் தூக்கி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன்.