மரங்களின் சார்பில் கிசா அக்கா

ஜனவரி பதினைந்தாம் தேதி, சின்னப் புத்தாண்டன்று, ஜப்பானியப் பனிமலையில் இருக்கும் எங்கள் ஊரில் மரங்கள் பேசும். இருபத்து மூன்று வீடுகள். காய்க்கிற மரங்கள் முப்பதுக்கு மேல். எல்லா மரங்களுக்காகவும் பேசுபவர் ஒருவர்தான், கிசா அக்கா.

வீட்டுக்காரர் கோடாலியோடு மரத்தின் முன்னால் வந்து நிற்பார். பட்டையில் லேசாக ஒரு கொத்து. "காய்ப்பியா, மாட்டியா? மாட்டேன்னா வெட்டிப்புடுவேன்" என்று மிரட்டுவார். மரத்துக்குப் பின்னால் மறைந்து நிற்பவர் மரமாக இருந்து, "காய்க்கிறேன், காய்க்கிறேன்" என்று கெஞ்ச வேண்டும். கொத்திய இடத்தில் சிவப்புப் பயற்றங்கஞ்சியை ஒரு கரண்டி அப்புவோம். காயத்துக்கு மருந்தும் அதுதான், மரத்துக்குச் சாப்பாடும் அதுதான். காய்க்கிறேன் என்று சொன்ன மரத்தை அந்த இலையுதிர்காலம் முடியும்வரை யாரும் வெட்டக் கூடாது. வாக்குக் கொடுத்தவர்மேல் கை வைப்பது முறையில்லை.

கஞ்சி வாளியைத் தூக்குவது நான். அதனால் எல்லா மரங்களின் பேச்சையும் பக்கத்திலிருந்து கேட்டவன்.

கிசா அக்கா கீழ்ச்சரிவுப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தார். நூற்றிருபது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. குள்ளம், அகலமான தோள், குளிரில் எப்போதும் சிவந்திருக்கும் காதுகள். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். கோயில் கூரையின் பனி வழிக்கும் முறை அவருடையது. மாதர் சங்கத்தின் சாவி அவரிடம். துக்க வீட்டில் அரிசி களைவது அவர். கூட்டத்தில் ஒரு வேலைக்கு ஆள் கிடைக்காவிட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்போம். அவர் மட்டும் தலையை நிமிர்த்திக்கொண்டிருப்பார். அவ்வளவுதான், வேலை அவர் மடியில் விழுந்துவிடும்.

முன்பெல்லாம் மரமாக நின்றவர் அவருடைய கணவர். ஒரு வருடம் பனிக்காலத்தில் ஆண்களில் பாதிப்பேர் டோக்கியோவுக்குச் சுரங்கம் தோண்டப் போய்விட்டார்கள். அவரும் போனார். பதினைந்தாம் தேதி காலை கோடாலி இருந்தது, மரம் இருந்தது, பதில் சொல்ல ஆள் இல்லை. யாரோ, "கிசா, நீ நில்லேன்" என்றார்கள். "ஆகட்டும்" என்று பின்னால் போய் நின்றார்.

முதல் மரம் பிளம். கேட்டதற்குச் சின்னக் குரலில் "காய்க்கிறேன்" என்றது. இரண்டாவது பேரி மரம். வீட்டுக்காரர் கோடாலியை ஓங்கியதும் பின்னாலிருந்து, "போன வருஷம் ஆலங்கட்டி மழை பெஞ்சதுக்கு நானா பொறுப்பு?" என்று கேட்டது. வீட்டுக்காரர் ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றார். பிறகு சிரித்தோம். பனியில் விழுந்து சிரித்தோம். மார்ச்சில் கணவர் திரும்பி வந்தபோது மரமாக நிற்கும் வேலை அவர் கையைவிட்டுப் போயிருந்தது.

அன்றிலிருந்து மரங்கள் சும்மா காய்க்கிறேன் என்று சொல்வதில்லை. வால்நட் மரத்துக்குக் காது கேட்காது. மூன்று தடவை கத்த வேண்டும். தபால்காரர் வீட்டுப் பேரி அவரிடம் மட்டும் குழைந்து பேசும். அவர் மனைவி முறைப்பார். செஸ்ட்நட் மரத்துக்குத் திமிர், "இதோட முப்பதாவது தடவை மிரட்டறே, ஒருநாளாவது வெட்டினியா?" என்று கேட்கும். யார் எரு போட்டார்கள், யார் கிளையைக் கண்டபடி ஒடித்தார்கள், எல்லாம் அந்த ஒரு காலையில் வெளியே வரும். பதினான்காம் தேதியே பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது. எங்களுக்கும்தான்.

நான் சொல்ல வந்தது கன்னோ தொகுஜி வீட்டுக் காகி மரத்தைப் பற்றி. காகி தக்காளி போலிருக்கும் ஆரஞ்சு நிறப் பழம், எங்கள் ஊரில் விளைவது துவர்க்கிற ஜாதி. தோல் சீவி, கயிற்றில் கட்டி, இறவாரத்தில் தொங்கவிட்டுக் காயவைத்துத்தான் தின்ன முடியும். தொகுஜியின் மரம் ஒரு காலத்தில் இறவாரம் முழுக்க நிறைய நிறையக் கொடுத்தது. கடைசி மூன்று வருடங்களில் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

தொகுஜியிடம் ஒரு குட்டி லாரி இருந்தது. எங்கள் ஊரில் அப்போது வண்டி வைத்திருந்தவை நான்கு வீடுகள்தான். பனிக்காலத்தில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் பனியை வாரி வண்டியைத் தேடி எடுப்பார். மேலே ஒரு கூரை போட்டால் அந்தப் பாடு இல்லை. கூரைக்கு மரம் குறுக்கே நின்றது. பனி உருகியதும் வந்து வேலையைத் தொடங்கத் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. தகரம்கூட வாங்கிவந்து கொட்டகையில் சாய்த்திருந்தார். இந்தத் தடவையும் மரம் காய்க்கிறேன் என்று சொல்லிவிட்டால் அடுத்த பனி விழும்வரை காத்திருக்க வேண்டும்.

பதினான்காம் தேதி மதியம் நான் கிசா அக்கா வீட்டில் அடுப்புப் புகைக்குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன். தொகுஜி நடந்தே வந்தார். கையில் உப்புச் சால்மன், பாதி மீன், நல்ல பாதி.

"கிசா அக்கா, நாளைக்கு நம்ம வீட்டு மரம் ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொன்னாப் போதும்."

"என்ன வார்த்தை?"

"மாட்டேன்னு."

அக்கா மீனைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "இதுவரைக்கும் எந்த மரமும் அப்படிச் சொன்னதில்லையே தம்பி."

"அதுதான் உண்மைங்கக்கா. மூணு வருஷமா அது மாட்டேன்னுதானே நிக்குது. நீங்க பொய்யா சொல்லப்போறீங்க?"

"ஆகட்டும்" என்றார் அக்கா.

தொகுஜி போய் அரை மணி நேரம் இருக்கும். அவருடைய மனைவி மசுயோ வந்தாள். மடியில் பன்னிரண்டு முட்டை.

"அவரு வந்தாரா?"

"வந்தாரு."

"என்ன சொன்னீங்க?"

"ஆகட்டும்னேன்."

மசுயோ முட்டைகளைக் கீழே வைத்தாள். "இப்ப எனக்கும் ஆகட்டும்னு சொல்லுங்க. மரம் காய்க்கிறேன்னு சொல்லணும். நான் கல்யாணமாகி வந்து இருபது வருஷத்துல என் மாமியாரைப் பத்திப் பேசினதெல்லாம் அந்த மரத்துக்கிட்டதான். அவரைப் பத்திப் பேசினதும் அதுகிட்டதான். அவ்வளவும் தெரிஞ்ச ஒரு ஆளை வெட்டி அடுப்புல வெக்கச் சொல்றீங்களா?"

"ஆகட்டும்" என்றார் அக்கா.

மசுயோ போனதும் நான் ஏணியிலிருந்து இறங்கினேன். "ரெண்டு பேருக்கும் சரின்னுட்டீங்களே அக்கா."

"ரெண்டு பேரும் வந்து கேட்டாங்களே."

"நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

"குழாயைச் சரியா மாட்டு, புகையுது" என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். காலையில் இருபத்து மூன்று வீட்டுக்கும் மீனும் முட்டையும் தெரிந்திருந்தது.

அன்று போல் கூட்டம் நான் பார்த்ததில்லை. நெஞ்சளவுப் பனி. வைக்கோல் காலணிகளால் மிதித்து மிதித்துப் பாதை போட்டுக்கொண்டு போனோம். மற்ற மரங்களை யாரும் காதில் வாங்கவில்லை. வால்நட்டிடம் ஒரே தடவை கேட்டார்கள், அதுவும் ஒரே தடவையில் பதில் சொல்லிவிட்டது. தபால்காரர் தன் பேரியிடம் அவசரமாக, "காய்ப்பேதானே, சரி, நன்றி" என்று முடித்துக்கொண்டார். நடக்க நடக்கப் பந்தயம் கட்டினார்கள். மீன் ஜெயிக்கும் என்று ஒரு கூட்டம், முட்டை என்று ஒரு கூட்டம். கிசா அக்கா முன்னால் தனியாக நடந்தார். அவருடைய காதுகள் பழுக்கக் காய்ச்சியது போல் இருந்தன.

தொகுஜி வீட்டு முற்றம். காகி மரம் மொட்டையாக, கிளை கிளையாகப் பனி சுமந்து நின்றது. பக்கத்தில் லாரி, வெள்ளைக் குவியலாக. அக்கா மரத்தைச் சுற்றிப் பின்னால் போனார். அதன்பின் அவர் தெரியவில்லை.

தொகுஜி கோடாலியை எடுத்தார். ஒரு கொத்து, மற்றவர்கள் கொத்துவதைவிடக் கொஞ்சம் ஆழமாக.

"காய்ப்பியா, மாட்டியா?"

ஒரு கிளையிலிருந்து பனி பொத்தென்று விழுந்தது.

"காய்ப்பியா, மாட்டியா? மாட்டேன்னா வெட்டிப்புடுவேன்."

"கால் வலிக்குது" என்றது மரம்.

கிசா அக்காவின் குரல்தான், ஆனால் அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"என்னது?" என்றார் தொகுஜி.

"கால் வலிக்குதுன்னேன். மூணு வருஷமா."

"நான் கேட்டது அதில்லை."

"நீ கேக்க மாட்டே, அதான் நானே சொல்றேன். என் கால்மேல சிமெண்ட் கொட்டினது யாரு?"

கூட்டம் ஒரேயடியாக மூச்சை இழுத்தது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வண்டி வாங்கிய வருடம் தொகுஜி அடிமரம்வரை சிமெண்ட் தளம் போட்டிருந்தார். அது பனிக்கடியில் கிடந்தது. காய்ப்பு நின்றதும் அந்த வருடம்தான். இரண்டையும் சேர்த்து யாரும் யோசித்ததில்லை.

"வண்டி நிறுத்த இடம் வேண்டாமா?" என்றார் தொகுஜி.

"வண்டி எத்தனை பழம் காய்ச்சுது?"

"வண்டி காய்க்காது. ஓடும்."

"நேத்து ஓடுச்சா?"

கூட்டம் வெடித்தது. நேற்று அவர் மீனோடு நடந்து வந்ததை வழியெல்லாம் பார்த்திருந்தார்கள். தொகுஜியின் முகம் வாளியில் இருந்த சிவப்புக் கஞ்சியின் நிறத்துக்கு வந்தது. பேச்சை அங்கே நிறுத்தியிருக்கலாம். வழக்கப்படி வீட்டுக்காரருக்கு ஒரே கேள்விதான், மேலே பேச உரிமை இல்லை. ஆனால் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தினம் விடிஞ்சா ஒரு மணி நேரம் பனி வாரி வாரி என் முதுகு போச்சு. உனக்கென்ன, சும்மா நிக்கறே."

"நானும்தான் சுமக்கறேன். என் தலையில இருக்கறதை என்னிக்காவது தட்டிவிட்டியா?"

"மூணு வருஷமா ஒரு பழம் கிடையாது. கயித்தை எடுத்து வெச்சுட்டு இவ உக்காந்து அழுதா, தெரியுமா உனக்கு?"

"தெரியும். அவ அழுதது பழத்துக்காக இல்லே."

தொகுஜி கோடாலியைத் தாழ்த்தினார்.

"பின்னே எதுக்கு?"

"அவகிட்டக் கேளு. நான் கோள் சொல்றதில்லே."

இருபத்து மூன்று வீட்டுத் தலைகளும் திரும்பின. மசுயோ என் வாளிக்குள் இருந்த கஞ்சியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா பாரு," என்றார் தொகுஜி. "ஒரே வார்த்தை. காய்ப்பியா, மாட்டியா?"

"சிமெண்டை எடுத்தா காய்க்கிறேன். எடுக்கலேன்னா மாட்டேன்."

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாட்டேன்னு சொல்லிடுச்சு, வெட்டலாம் என்றது மீன் கூட்டம். காய்க்கிறேன்னும் சொல்லியிருக்கு, தொடக்கூடாது என்றது முட்டை. முதல்ல சொன்னதுதான் கணக்கு என்றார் ஒருவர். கடைசியா சொன்னதுதான் என்றார் அவருடைய தம்பி. தபால்காரர் கஞ்சி வாளியை மூடி அதன்மேல் ஏறி நின்று ஏதோ விளக்க முயன்றார், நான் அவரை இறக்கிவிட்டேன்.

தொகுஜிக்கு எதுவும் காதில் விழவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடாலியை இரண்டு கையாலும் பிடித்தார். தலைக்குமேல் தூக்கினார். அது வழக்கத்தில் இல்லாதது. மரத்துக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார் என்பது அவருக்கு மறந்துவிட்டது என்று நினைத்து நான், "அண்ணே" என்று கத்தினேன். மசுயோ ஓடிவந்தாள்.

கோடாலி கீழே இறங்கியது. பனியைப் பிளந்துகொண்டு உள்ளே போய் ணங்கென்று சத்தம் கேட்டது. சிமெண்ட்.

"எடுக்கறேன்," என்று மரத்தைப் பார்த்துச் சொன்னார். "இப்பவே எடுக்கறேன். எடுத்ததுக்கு அப்புறமும் காய்க்காம நில்லு, அன்னிக்கு நீ வேற எந்தச் சாக்கும் சொல்ல முடியாது."

மறுபடி ஓங்கினார். கோடாலியின் வாய் மழுங்கியது. யாரோ கடப்பாரை கொண்டுவந்தார்கள். யாரோ சம்மட்டி. மீன் கூட்டம், முட்டைக் கூட்டம் எல்லாம் போய்விட்டது. பத்துப் பேர் பனியை வாரினார்கள், ஆறு பேர் உடைத்தார்கள், பெண்கள் கல்லைக் கை மாற்றிக் கை மாற்றி வேலிக்கு வெளியே வீசினார்கள். வண்டியைப் பதினைந்து பேர் தூக்கி அப்பால் வைத்தோம். யாரும் சொல்லாமலே ஒரு தாளம் வந்துவிட்டது. பின்னாலிருந்து மரம், "அங்க இல்லே, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், ஆங், மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. தொகுஜியும், "இங்கயா? இங்கயா வலிக்குது?" என்று கேட்டுக் கேட்டு உடைத்தார். மரத்திடம் கேட்கிறோம் என்று தெரிந்துதான் கேட்டாரா, எனக்குத் தெரியவில்லை.

மதியம்வரை நடந்தது. கறுப்பு மண் தெரிந்தபோது ஒரு கூச்சல் எழுந்தது. கஞ்சி உறைந்து கட்டியாகியிருந்தது. மசுயோ கரண்டியை என்னிடமிருந்து பிடுங்கித் தானே அப்பினாள், ஒன்றுக்கு மூன்றாக.

கிசா அக்கா மரத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. தொகுஜி அவரைப் பார்த்து, "கூரையை வேற எங்கக்கா போடறது? அதையும் அதுகிட்டயே கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார்.

"எனக்கெப்படித் தெரியும் தம்பி," என்றார் அக்கா. "நான் சமையக்காரி. சாயங்காலம் மசுயோவைக் கூட்டிக்கிட்டு வா. மீன் சுடறேன், முட்டை இருக்கு."

ஏப்ரலில் கூரை வீட்டின் வடக்குப் பக்கம் எழுந்தது. மே மாதம் மரத்தடியில் எரு. கோடையில் தொகுஜி தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். ஜூனில் பத்துப் பன்னிரண்டு பூ, அவ்வளவும் உதிர்ந்தன. நவம்பரில் மற்ற வீட்டு இறவாரங்களெல்லாம் ஆரஞ்சாகத் தொங்கின. தொகுஜி வீட்டில் வெறுங்கயிறு. வாக்கின் கெடு முடிந்துவிட்டது. வெட்டலாம், யாரும் தடுக்க முடியாது.

முதல் பனி விழுந்த அன்று தபால்காரரும் நானும் அந்த வழியாக வந்தோம். தொகுஜி ஒரு நீளமான மூங்கிலால் காகி மரத்தின் கிளைகளில் இருந்த பனியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தொகுஜி அண்ணே, உங்க ஆளு ஏமாத்திட்டான் போலிருக்கே" என்றார் தபால்காரர். "கோடாலியைத் தீட்டியாச்சா?"

தொகுஜி திரும்பவில்லை. அடுத்த கிளைக்கு மூங்கிலை நீட்டினார்.

"மூணு வருஷ வலி. ஒரே வருஷத்துல போயிடுமா? உனக்குக் கால் உடைஞ்சப்ப எத்தனை மாசம் படுத்திருந்தே?"

"அஞ்சு மாசம்."

"அப்ப உன்னை யாராவது வெட்டினாங்களா?" என்றார்.