சரியாத மலை

என் நாவலில் கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் ஒரு மலையைச் சரித்திருந்தேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த இரண்டு லயங்கள் மண்ணுக்குள் போயின. கதாநாயகி சொன்னது உண்மையென்று அதன் பிறகுதான் தோட்டத்துக்குத் தெரிந்தது. எழுதி முடித்தபோது எனக்குத் திருப்தியாகவே இருந்தது. பதுளையில் இருபத்தைந்து வருடம் பிரதேச நிருபராக இருந்தவன் நான். முடிவு தெரியாத செய்தியை அரைச் செய்தி என்று நினைத்துப் பழகியவன்.

கதாநாயகி என் மதினி, அண்ணனின் மனைவி. லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அண்ணனுக்குக் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்துபோவார். லயத்தார் மதினியோடு மறுபடி பேசத் தொடங்கி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என் புத்தகம் அதைக் கெடுத்துவிடக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு, மண்சரிவு அபாயம் உண்டா என்று பார்க்க அதிகாரிகள் மூன்று பேர் வந்தார்கள். வெடிப்பு எதுவும் இல்லை என்று சொல்லிவிடுவதாக லயத்தார் முதல் நாளே பேசிவைத்திருந்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அபாயம் என்று எழுதிவிட்டால் கூடாரம்தான். வேறு தோட்டங்களில் கூடாரத்துக்குப் போனவர்கள் வருடக்கணக்கில் அங்கேயே கிடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். தோட்டத் தலைவர், "ஒண்ணுமில்லைங்க" என்றார். அதிகாரிகள் ஜீப்பை நோக்கித் திரும்பினார்கள்.

மதினி முன்னால் வந்தார். தேயிலைச் செடியின் மேல் கிடத்தி மட்டம் பார்க்கும் நீளமான மட்டக்கம்பைக் கையில் எடுத்தார். லயத்துக்குப் பின்னால் போய், புல் மூடியிருந்த ஒரு வெடிப்பில் அதைச் செருகினார். அதிகாரிகள் பார்த்திருக்க, முழுக் கம்பும் உள்ளே போனது.

மறுநாள் இரண்டு லயத்துக் குடும்பங்களும் பாடசாலை மண்டபத்துக்கு மாற்றப்பட்டன. பிறகு கூடாரம். நான் பத்திரிகைக்கு ஐந்து வரி அனுப்பினேன். மதினியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. மலை சரியவில்லை. புதிய வீடும் வரவில்லை. பல மாதம் கழித்து, ஒவ்வொரு குடும்பமாக, தாங்களாகவே லயத்துக்குத் திரும்பினார்கள்.

மண்டபத்தில் குடும்பங்களுக்கு இடையே சேலை கட்டி மறைத்திருந்தார்கள். மதினியின் சேலைக்கு அடுத்து இரண்டு பாய் அகலத்துக்கு இடம் காலியாகவே கிடந்தது. கோயில் திருவிழாவில் சாமி ஒவ்வொரு வாசலிலும் நின்று அர்ச்சனைத் தட்டு வாங்கும். அந்த வருடம் மதினி தட்டோடு நிற்க, மேளம் நிற்காமல் அவர் வாசலைக் கடந்து போனது. நான் கேமராவோடு பத்தடி தூரத்தில் நின்றேன். மலையில் கொழுந்து பறிக்கும் இளம்பெண்கள் அவரைக் கண்டால், "மழைக்காரி வாறா, குடைய விரிங்கடி" என்பார்கள். முன்பெல்லாம் கறி கொடுத்து வாங்கிய பக்கத்துக் காம்பராப் பெண், லயத்தில் அடுத்த அறைக்காரி, "ஏக்கா, ஒங்க மலை எப்ப வருதாம்? சொன்னா குளிச்சுப்புட்டு ரெடியா இருப்போம்ல" என்று கேட்பாள்.

இது இரண்டு வருடம் நீடித்தது. மதினி எல்லோரும் போன பிறகே பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்தார். அதிகாரிகள் விட்டுப்போன மழைமானியை வேறு யாரும் வாசலில் வைத்துக்கொள்ளச் சம்மதிக்காததால் அது அவரிடமே இருந்தது. தினமும் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அளவைப் பார்த்து, கொப்பியில் எழுதி, அதிகாரிகளுக்குத் தொலைபேசியில் சொன்னார். சொல்லிச் சொல்லியே சிங்களம் சரளமானது. பேச ஆளில்லாததால் கொழுந்தும் கூடுதலாகப் பறித்தார். யாருக்கும் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டிருந்தார்.

மூன்றாம் வருடம், ஒரு மழை மாலையில், பக்கத்துக் காம்பராக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். "எத்தனை?"

"நூத்திப் பத்து மில்லி. எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு கோயிலுக்கு ஏறு."

ஏறினார்கள். அன்றும் மலை சரியவில்லை. காலையில் இறங்கி வந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து பேச்சு தொடங்கியது.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் என் கையெழுத்துப் பிரதியை எடுத்துப்போய் அவருடைய அடுப்படியில் உட்கார்ந்து வாசித்தேன். மதினி ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டார். மலை சரிந்ததும் கை நின்றது.

"எத்தனை பேரு செத்தாங்க தம்பி?"

"பதினொரு பேர்."

"இந்தப் பக்கத்துக் காம்பராக்காரி?"

"அவங்களும்தான்."

"நல்லா இருக்கே! நான் சொன்னது சரின்னு காட்ட பதினொரு பேரைக் கொன்னுப்புட்டீங்களா?"

வாசிப்பவர்களுக்குக் கதாநாயகி சொன்னது உண்மையென்று தெரிய வேண்டாமா என்றேன்.

"மலை எறங்கக்கூடாதுன்னு நான் தெனமும் வெளக்கு வைக்கிறேன். நீங்க எறக்கிட்டீங்க. இதைப் படிச்சா என்ன சொல்லுவாங்க? இவ இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தான்னு சொல்லுவாங்க. இப்பத்தான் என்கூடப் பேசுறாங்க தம்பி."

பதுளைக்குத் திரும்பி முப்பது பக்கங்களைக் கிழித்தேன். மிஞ்சியது எனக்குப் பிடிபட நாளானது. அவமானம் ஒருநாள் பொய்யாகும் என்று நம்பித்தான் ஒரு கதாநாயகி தாக்குப்பிடிப்பாள் என நினைத்திருந்தேன். மதினியோ, தான் சொன்னது கடைசிவரை பொய்யாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, காலையில் எழுந்து மழையை அளந்தார். என் கதாநாயகியையும் அப்படியே விட்டேன். மலை அப்படியே நின்றது. அவள் அதன் கீழே வாழ்ந்தாள்.

திருத்திய பிரதியோடு மறுபடி போனேன். பாதி வாசிக்கையில் பக்கத்துக் காம்பராக்காரி வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். நான் நிறுத்தினேன்.

"படிங்க" என்றார் மதினி.

அடுத்து வருவது அவள் பேசிய பேச்சு. குளித்துவிட்டுத் தயாராக இருப்போம் என்பதுவரை வாசித்தேன். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதையா நான் சொன்னேன்?" என்றாள் அவள்.

பிறகு மதினி பக்கம் திரும்பினாள்.

"இதைவிட மோசமால்ல சொன்னேன். ஒன்னை அந்த வெடிப்புக்குள்ள போட்டு மூடினா மலை நிக்கும்னு சொன்னேன்."

"ஆமா. பீலிக்கிட்ட வச்சு சொன்னா" என்றார் மதினி. குரலில் கோபம் இல்லை. "அதையே போடுங்க தம்பி. மலைய மட்டும் தொடாதீங்க."

நான் பேனாவை எடுத்தேன். நான் எழுதி முடிக்கும்வரை அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரைப் போட்டுறாதீங்கண்ணே" என்றாள்.

"என் பேரையே போடல. ஒன் பேரைப் போடப்போறாராக்கும்" என்றார் மதினி.