புஷ்பபாய் வைத்த புள்ளி

ஊர் தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்ற எல்லைக் கிளர்ச்சி நாட்களில் குளத்தூரில் போர்டு எழுதும் ராஜதாஸுக்கு ஓய்வே இல்லை. எந்த வீட்டில் தமிழ், எந்த வீட்டில் மலையாளம் என்று கணக்கெடுத்த இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் மொழி ஓங்கித் தெரியும்படி அவரிடமே படம் கேட்டார்கள். வீட்டு எண்ணிக்கையைத் தூண் தூணாக உயர்த்தி, கட்சிக்கு ஒன்றாக இரண்டு படம் வரைந்தார்.

படத்தின் அழகை அளக்க அவரிடம் இருந்த ஒரே கோல் மனைவி புஷ்பபாய்.

"இது என்னது?" என்று இரண்டையும் பார்த்துக் கேட்டாள். இரண்டும் தோற்றன.

எரிச்சலில் வேறொரு தாளில் ஊரின் தெருக்களை வரைந்து, வீட்டுக்கொரு புள்ளி வைத்தார்: தமிழுக்குச் சிவப்பு, மலையாளத்துக்கு நீலம், இரண்டும் பேசும் வீட்டுக்கு இரு நிறமும்.

மாவாட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, இருநிறப் புள்ளி ஒன்றில் விரலை வைத்தாள். "இது நம்ம வீடாக்கும்."

அந்தப் படம் எந்தக் கட்சிக்கும் வேண்டியிருக்கவில்லை. மாவுத் தடத்தைத் துடைக்காமல் ராஜதாஸ் அதை முன்னறையில் மாட்டிக்கொண்டார்.