வீட்டு நாயா, தெரு நாயா

அந்தச் சுகாதார நிலையத்தில் ஊசி போடும் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு மேசை, ஒரு குளிர்பெட்டி, இரண்டு முக்காலி. ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாய். நாய் கடித்து வருகிறவர்களை நர்ஸ் முதலில் அந்தக் குழாயடிக்குத்தான் விரட்டுவாள். "சோப்புப் போட்டுக் கழுவுங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும் கழுவுங்க." கால் மணி நேரம் கழித்துத்தான் போதும் என்பாள். பிறகு நோட்டைத் திறந்து கேட்பாள்: "வீட்டு நாயா, தெரு நாயா?"

பதினான்கு வருடமாக அதே அறை, அதே கேள்வி. பிள்ளைகள் அவளுக்கு ஊசியக்கா என்று பேர் வைத்தார்கள். பெரியவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பதில் சொல்கிறவர் கண்ணைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும். கேட்டு முடிப்பதற்குள் "தெரு நாய் சிஸ்டர்" என்று அவசரமாகச் சொன்னால் அது வீட்டு நாய்தான். அவள் வாதாட மாட்டாள், சொன்னதை எழுதிக்கொள்வாள். "சொந்தக்காரன் கடிச்சா ஊர் பூராச் சொல்லுவாங்க, சொந்த நாய் கடிச்சா மட்டும் மூச்சு விடமாட்டாங்க" என்று மருந்து ஜன்னலில் இருக்கிறவரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. பேர் மேஜர்.

அவள் கணவர் டயர் கடை வைத்திருந்தார். இளவயதில் போலீஸ் வேலைக்குப் போய் உயரத்தில் அரை அங்குலம் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அந்த அரை அங்குலத்தை அவர் மறக்கவே இல்லை. மகன் வேலை கிடைத்து வெளியூர் போன வருடம், ஒரு அட்டைப்பெட்டியில் கருப்பும் பழுப்புமாக ஒரு குட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார். ராட்வைலர் ஜாதி. "இது வளர்ந்துச்சுன்னா நம்ம தெருவுல ஒருத்தன் நிமிர்ந்து பார்க்க மாட்டான்" என்றார்.

குட்டியைக் கொடுத்தவர் கூடவே வந்திருந்தார். அந்தக் காலத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு நாள் பூரா எஜமானோடு நடந்த இனம் இது, சுமைக்குக் காவலும் இருக்கும், கால் ஓயும்படி நடக்கவிடணும், சின்னதிலேயே நாலு மனுஷங்களோடு பழக்கணும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். கணவர் காதில் காவல் என்ற ஒரு சொல்தான் விழுந்தது.

மூன்று மாதம் அது அவள் குட்டியாகத்தான் இருந்தது. அவள் காய் நறுக்க உட்கார்ந்தால் பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கும். கால் மரத்துப்போனாலும் நகர்த்த மாட்டாள். பிறகு கணவர் அதைச் சந்தில் கட்டினார்.

சந்து என்பது கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரை போகும் பாதை. ஒரு பக்கம் வீட்டுச் சுவர், ஒரு பக்கம் மதில். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். நடுவில் சுவரில் ஒரு கொக்கி, கொக்கியில் சங்கிலி. வீட்டுக்குள் வரவும் வெளியே போகவும் வேறு வழி கிடையாது. மேஜர் வளர வளர, சங்கிலி எட்டாத இடம் மதிலோரம் ஒரு முழம்தான் மிச்சம். பையை நெஞ்சோடு அணைத்து, மதிலில் முதுகை ஒட்டி, பக்கவாட்டில் நடக்க அவள் பழகிக்கொண்டாள்.

ஆள் நடமாட்டம் பார்க்காமல் வளர்ந்த நாய்க்கு எல்லா ஆளும் அந்நியர்தான். போதாததற்குக் கணவர் கேட்டை வெளியிலிருந்து தடியால் தட்டி அதற்கு ரோஷம் ஏற்றுவார். யாரும் தொடக்கூடாது, கொஞ்சக்கூடாது என்று சட்டம் போட்டார். ஒரு வயதில் அது பேப்பர்காரர் கால்சட்டையைக் கிழித்தபோது அதற்கு இறைச்சித் துண்டு போட்டுவிட்டு, ஒரு வாரம் கடையில் அதையே பேசிச் சிரித்தார்.

"அன்னிக்கே நான் வாயைத் திறந்திருக்கணும்" என்று பிற்பாடு அவள் சொல்லுவாள். திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டாட வந்து கூடத்தை நாறடிக்கும் அவர் நண்பர்கள், மேஜருக்குப் பயந்து வருவதை நிறுத்தியிருந்தார்கள். அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஆனால் நின்றது அவர்கள் மட்டுமல்ல. தபால்காரர் கடிதத்தைக் கேட்டுக்கு மேலாக வீசினார். சிலிண்டர் தெருவிலேயே இறங்கியது. பக்கத்து வீட்டம்மா போனில்தான் பேசினாள். கணவர் காலையில் போனால் இருட்டியபின் வருவார். மேஜருக்குச் சோறு வைக்க, தண்ணீர் மாற்ற, சந்தைக் கழுவ அவள் ஒருத்திதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து ஓடிவந்து தண்ணீர் வைத்துவிட்டு ஓடுவாள். மகன் வீட்டுக்கு இரண்டு நாள் போய்வரலாம் என்றால், "நீ வச்சாத்தானே அவன் சாப்பிடறான்" என்பார் கணவர், ஏதோ அது அவளுக்குக் கிடைத்த பட்டம் போல.

மேஜர் பகல் பூராவும் ஒரே அரைவட்டத்தில் நடந்தது. சங்கிலி உரசி உரசித் தரையில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. முன்னங்கால் ஒன்றை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. அவள் களிம்பு தடவினாள். களிம்பு தடவித் தீருகிற புண் அல்ல என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் டயர் வாங்க வந்த ஒருவரைக் கணவர் வீட்டு கேட் வரை அழைத்து வந்தார், நாயைக் காட்டத்தான்.

"ஒரு வார்த்தை போதும். பார்க்கறீங்களா?" என்றார். கேட்டை ஓங்கித் தட்டி, "மேஜர், புடி! புடி!" என்றார்.

துவைத்த துணி வாளியோடு அவள் அப்போதுதான் மதிலோரமாக வந்துகொண்டிருந்தாள். வாளி பிடித்த இடது கை சங்கிலி எட்டும் தூரத்துக்குள் நீட்டியிருந்தது. நாய் கேட்டை நோக்கிப் பாய்ந்தது. சங்கிலி இழுத்து நிறுத்தியது. மறுபடி பாய்ந்தது. தொண்டை நெரிந்து, கண் சிவந்து, எட்டாத ஆளுக்குப் பதில் எட்டிய கையைக் கவ்வியது. அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே.

அவள் கத்தவில்லை. "விடு" என்றாள், ஊசிக்கு அழும் பிள்ளையிடம் பேசுகிற குரலில். அது விட்டது. விட்டதும் வயிறு தரையில் பட ஊர்ந்து போய்ச் சுவரோரம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டது. அதற்கு உடம்பு நடுங்கியது.

அவள் குழாயடிக்குப் போனாள். தானே கால் மணி நேரம் கழுவினாள். கணவர் பின்னாலேயே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் முதலில் சொன்னது இதைத்தான்: "நாளைக்கு நோட்டுல தெரு நாய்னு எழுதிடு. வீட்டு நாய்னா ஆளுங்க வருவாங்க, கேள்வி வரும், மானம் போயிடும்."

"ஏவி விட்டது நீங்க."

"சரி, தப்புத்தான். எழுதும்போது பார்த்து எழுது."

மறுநாள் பிரசவ வார்டு நர்ஸ் வந்து அவளுக்கு ஊசி போட்டாள். நோட்டை ஊசியக்காதான் எழுதினாள். எந்த நாய் என்ற கட்டத்தில் 'தெரு நாய்'. இடம்: தன் தெரு. வெறி இருக்கிறதா என்று நாயைப் பத்து நாள் கவனிக்க முடியுமா என்ற கட்டத்தில் 'முடியாது'. பேனா ஓரிடத்திலும் தயங்கவில்லை. அதுதான் அவளுக்கே வியப்பாக இருந்தது.

நோட்டில் ஏறுவது அன்று மாலையே நகராட்சிக்குப் போகும். எத்தனையோ முறை அவள் கையாலேயே அனுப்பியிருக்கிறாள். ஆனாலும் அந்தப் புதன்கிழமையே தெருவில் நாய் பிடிக்கும் வலை வண்டி நின்றபோது, அது எதற்கு வந்தது என்று புரிய அவளுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. ஏற்கெனவே மூன்று நாய்கள் உள்ளே இருந்தன. நான்காவதாக, இஸ்திரிக்காரர் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் பழுப்பு நாயை இழுத்தார்கள். ஏழு வருடமாக அந்த நிழலிலேயே கிடந்த நாய், தெருவில் அதற்குப் பேரே பழுப்புதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் காதைப் பிடித்து இழுத்தாலும் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இஸ்திரிக்காரர் மறுநாளே ஊசி அறைக்கு வந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"சிஸ்டர், நம்ம தெருவுல யாரையோ நாய் கடிச்சிருக்காம். இங்கதான் வந்திருப்பாங்க. யாருன்னு சொல்லுங்க. நான் சண்டைக்குப் போகமாட்டேன். கடிச்சது பழுப்பா இல்லையான்னு மட்டும் கேட்டுக்கிறேன். அது இல்லைன்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்களாம்."

அவள் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். "பேரெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுங்க" என்றாள்.

"சரிங்க, சட்டம்னா சட்டம்தான்." அவர் போகவில்லை. "உங்க வீட்டுக்கும் துணி தேய்க்கிறேனே சிஸ்டர். பழுப்பை உங்களுக்குத் தெரியாதா? அது கடிக்கிற ஜாதியா?"

அன்று அதற்குப் பிறகு எட்டுப் பேருக்கு ஊசி போட்டாள். ஒவ்வொருவரிடமும் வீட்டு நாயா, தெரு நாயா என்று கேட்க வேண்டியிருந்தது. எட்டாவது ஆள் ஒரு பெண். "தெரு நாய்" என்று அவசரமாகச் சொல்லிக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஊசியக்கா பேனாவை மூடி வைத்தாள். அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு நோட்டைப் பின்னால் புரட்டித் தன் வரியைக் கண்டுபிடித்தாள். ஒரே கோடாக அடித்து, மேலே 'வீட்டு நாய், சொந்த நாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நோட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனாள்.

டாக்டரம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்களேவா?"

"நானேதான் டாக்டர்."

"பதினாலு வருஷம் இந்த நோட்டு உங்க கையில இருக்கு. விளக்கம் கேட்டு ஆர்டர் வரும், தெரியும்ல?" பிறகு குரலைத் தணித்தார். "பத்து நாள் அதைக் கட்டிப்போட்டுக் கவனிங்க."

"அது நாலு வருஷமாக் கட்டித்தான் கிடக்குது டாக்டர்" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டில் புயல் அடித்தது. "உன் கையாலேயே எழுதிக்கொடுத்துட்டு வந்தியா? ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும்" என்று கணவர் கத்தினார். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றபடியே பார்த்தார்: சங்கிலி, தரையில் விழுந்த கோடு, புண்ணான கால். சந்தில் கட்டக்கூடாது, வெளியே வந்தால் வாய்க்கூடு வேண்டும், தடுப்பூசிச் சீட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அது கணவர் எதிர்பார்த்த மாதிரிப் பெரிய பஞ்சாயத்தாகக்கூட இல்லை. ஆனால் தெரு பார்த்துவிட்டது. மேஜர் பெருமையாக இருந்தது போய் அவமானமாகிவிட்டது.

"ஜாதியே அப்படி. ரத்தத்துல இருக்கு" என்றார். "ஊசி போட்டு முடிச்சுடலாம். உனக்குத் தெரியாத ஊசியா?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "ரத்தத்துல இருந்தது காவல். மனுஷனைக் கண்டா பயம்ங்கறதை நாம போட்டோம். நீங்க தட்டித் தட்டிப் போட்டீங்க, நான் பார்த்துக்கிட்டு நின்னேன். முடிக்கிறதுன்னா முதல்ல நம்ம ரெண்டு பேரையும் முடிக்கணும்."

கணவர் ஊசிப் பேச்சை அதோடு விட்டார். நாயைத் தொடுவதையும் அன்றோடு விட்டுவிட்டார்.

அதனால் முழுச் சுமையும் அவள் தலையில் விழுந்தது. கொக்கி போனது, மேஜர் பின்கட்டு அறைக்கு வந்தது. முதல் பத்து நாள் அவள் அதற்கு வாய்க்கூட்டை மட்டும் பழக்கினாள். பத்து நாளும் கழிந்து பயமில்லை என்று ஆனபிறகு தினமும் விடிந்ததும் மாட்டிக்கொண்டு கூட்டிப்போனாள். முதல் நாள் தெருவில் நாலு அடி வைத்ததும் அது உட்கார்ந்துவிட்டது. திறந்த இடத்தை அது பார்த்ததே இல்லை. இரண்டாம் மாதம் தெருக்கோடி வரை நடந்தது. சைக்கிளைக் கண்டால் முறைக்கும், குடையைக் கண்டால் உறுமும். ஆனால் அவள் நின்றால் நிற்கும். கால் புண் ஆறியது. வேறு யாரிடமும் அது கடைசிவரை போகவில்லை. குட்டியில் போடாத பழக்கத்தை ஐந்து வயதில் போட்டால் பாதிதான் ஒட்டும் என்பதை அவள் நாளுக்கு நாள் தெரிந்துகொண்டாள். விளக்கம் கேட்டு வந்த ஆர்டர் ஓர் எச்சரிக்கையோடு முடிந்தது. பிறகு வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தலைமை நர்ஸாக மாற்றல் வந்தபோது எழுதிக்கொடுத்து வேண்டாம் என்றாள். இந்த நாயோடு எந்த வீட்டில் இடம் கொடுப்பார்கள்?

பழுப்பை மூன்று வாரத்தில் விட்டார்கள். கருத்தடை செய்த அடையாளமாகக் காதில் ஒரு வெட்டு, விலா எலும்பு தெரிந்தது. இஸ்திரிக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது அவரைப் பார்த்தபடியே தெருவுக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்தது. வண்டிக்கு அடியில் வரவில்லை. நோட்டு விஷயம் அவருக்குத் தெரியவந்தது. அவளே போய்ச் சொன்னாள். அவர் இஸ்திரிப்பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, "முதல் நாளே சொல்லியிருக்கலாம் சிஸ்டர்" என்றார். துணியை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

அந்த வருடக் கடைசியில் ஊசியக்காவின் தங்கை, கடல் கடந்து இருந்தவள், ஒரே ஒரு நாள் வந்தாள். புதுக் குரல் கேட்டால் மேஜர் பின்கட்டுக் கதவையே மோதும் என்பதால், அவள் உள்ளே வருவதற்காக அதை வெளியே கூட்டிப்போக வேண்டியதாயிற்று. தங்கை கூடத்தில் உட்கார்ந்து மாமாவோடு காபி குடித்தாள். அக்கா தெருக்கோடியில் நாயோடு நின்றாள். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தங்கை எழுந்து தெருவுக்கு வந்தாள்.

"நான் மாமாவைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

"கிட்ட வராதே. அந்தப் பக்கமாவே நட."

அப்படியே நடந்தார்கள், தெருவுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை. நடுவில் வண்டிகள் போய்வந்தன. தங்கை தன் மாமியாரைப் பற்றிய புகாரைத் தெருவே கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, வாரை இழுக்காமல், அவள் முழங்காலோடு ஒட்டி நடந்தது. மூன்றாவது சுற்றில் தங்கை கேட்டாள், "எத்தனை நாளைக்குக்கா இப்படி?"

"இது இருக்கிற வரைக்கும்" என்றாள் அவள். ஒரு லாரி கடந்து போனதில் அது தங்கைக்குக் கேட்கவில்லை. அவள் மறுபடி சொல்லவில்லை.